பூசாத சுவரில் இவ்வளவு ஓவியமா!

செஹர் ஷா, ரந்தீர் சிங் என்ற பெயர்களை எங்கள் போச்சம்பள்ளிப் பக்கம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், கேட்டே ஆகவேண்டும். இருவருமே கட்டடக்கலை படித்தவர்கள். செஹர் கராச்சியில் பிறந்தவர், ஓவியத்துக்கு வந்துவிட்டார். ரந்தீர் கேமராவைக் கையில் எடுத்தார். இருவரும் சேர்ந்து செய்து 2018இல் காட்சிக்கு வந்த வரிசையின் பெயர் ‘ஸ்டடீஸ் இன் ஃபார்ம்’. டெல்லியில் சிவநாத் பிரசாத் கட்டிய அக்பர் பவன், லண்டனில் பார்பிகன், அதே லண்டனில் எர்னோ கோல்ட்ஃபிங்கரின் பிரவுன்ஃபீல்டு குடியிருப்பு, டோக்கியோவில் கென்ஸோ டாங்கேயின் டென்ட்சு அலுவலகம். இந்த நான்கு கட்டடங்களையும் துண்டு துண்டாகப் பிரித்து, நீல அச்சில் இறக்கியிருக்கிறார்கள். கான்கிரீட்டை மறைக்காமல், அதன் கனத்தையும் முரட்டுத்தனத்தையும் வெளியே காட்டி நிற்கும் இந்தக் கட்டடப் பாணியைத்தான் ப்ரூட்டலிசம் என்கிறார்கள். பெயர் கடுமையாக இருக்கிறதே என்று ஒதுங்காதீர்கள். அதற்குள் இருக்கும் அழகைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் படங்களை நான் முதலில் பார்த்தது திரையில்தான். அப்படிப் பார்த்ததற்கே தூக்கம் போய்விட்டது! ஒவ்வொரு தாளிலும் கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும். நீலமும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. நிழல் விழுந்த இடம் கருநீலம், வெயில் பட்ட இடம் தாளின் வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்தால் கட்டடம் காணாமல் போய், சதுரமும் செவ்வகமும் சாய்கோடுமாக ஒரு கணக்கு மட்டும் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தக் கணக்கே மறுபடி கட்டடமாகிக் கனத்தோடு முன்னால் வருகிறது. இப்படிப் போவதும் வருவதுமாக ஒரு படத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

நீல அச்சு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த உச்சம். ஒரு காலத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுத்தது இந்த முறையில்தான். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. எந்த முறையில் கட்டடத்துக்குப் பிளான் போட்டார்களோ, அதே முறையில் கட்டி முடித்த கட்டடத்தைத் திரும்பத் தாளுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எவ்வளவு அருமையான யோசனை!

நான் தொழிலால் சைட் இன்ஜினியர். எங்கள் பக்கத்து சிப்காட்டில் இன்று எழும்பும் தொழிற்சாலைகள் எல்லாம் மேலே தகடும் இரும்புச் சட்டமும்தான். ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபிறகு போச்சம்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அந்த நீளமான கூரைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எந்தத் தொழிற்சாலையானாலும் அஸ்திவாரம், மிஷின் மேடை, தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் கால்வாய், சரக்கு ஏற்றும் தளம் எல்லாம் கான்கிரீட். சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது, வைப்ரேட்டர் விடுவது, சாக்குப் போட்டுத் தண்ணீர் விடுவது, இவைதான் என் நாட்கள். இவ்வளவு காலம் கான்கிரீட்டோடு இருந்தும் அதை அழகென்று நினைத்ததில்லை. யாரும் நினைக்கச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கியூப் போட்டு உடைத்துப் பலம் பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சண்டிகர் தலைமைச் செயலகத்துச் சுவரைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தை எங்கள் சென்ட்ரிங் மேஸ்திரியிடம் காட்டினேன். கட்டடம் எது, ஊர் எது என்று ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

“இது பலகை சார். பிளை இல்ல. பாருங்க, கணு எறங்கியிருக்கு.”

மரத்தின் கணு கான்கிரீட்டில் வட்டமாகப் பதிந்திருந்தது. நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

“பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பால் எறங்கி நரம்பாட்டம் நிக்குது. இங்க நிறுத்திட்டு மறுநா போட்டிருக்காங்க, இந்தக் கோடு அதான். இத ஏன் சார் பூசாம உட்டாங்க?”

“பூசினா நீங்க இப்ப சொன்னது ஒண்ணும் தெரியாதே மேஸ்திரி.”

கொஞ்சம் யோசித்தார். “அப்படின்னா பலகைய ஒழுங்கா அடிச்சே ஆவணும். தப்புப் பண்ணா ஊருக்கே தெரிஞ்சிரும்.”

கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்தச் சுவரில் இருக்கும் கோடுகளை வரைந்தது, கட்டடத்தை வடிவமைத்த லெ கார்பூசியே இல்லை. பலகை அடித்தவர்களும், தலையில் சட்டி சுமந்து கான்கிரீட் கொட்டிய பெண்களும்தான். சண்டிகர் பெரும்பாலும் மனிதக் கையால் எழுந்த நகரம். அந்தக் காலப் புகைப்படங்களில் மூங்கில் சாரத்தில் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் சித்தாள்களைப் பார்க்கலாம். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர்கள் வேலையின் தடம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுவரிலேயே இருக்கிறது. நஸ்ரீன் மொஹமதி தாளில் போட்டதும் செஹர் ஷா போடுவதும் கோடுகள்தான் என்றால், முதல் கோட்டை இவர்கள் போட்டுவிட்டார்கள்.

நஸ்ரீன் பெயரை எடுத்துவிட்டேன், இனி நிறுத்துவது கஷ்டம். 1937இல் கராச்சியில் பிறந்தவர், 1972 முதல் பரோடாவில் ஓவியம் கற்பித்தவர், 1990இல் மறைந்தவர். இந்திய ஓவியர்கள் பலரும் மனித உருவங்களையும் கதைகளையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில், இவர் டிராஃப்டிங் கருவிகளை எடுத்து மையிலும் பென்சிலிலும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நேர்கோடு, சாய்கோடு, நெருங்கும் கோடு, விலகும் கோடு. பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு இல்லை, தேதி இல்லை. பாதித் தாள் காலியாகவே இருக்கும். ஒரு தாளில் சாய்கோடுகள் சிறகு விரித்ததுபோல் அந்தரத்தில் மிதக்கும், எதன்மேலும் நிற்காது. டெல்லியில் அவர் படம் ஒன்றின் முன் நின்றபோது, காவலுக்கு இருந்தவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னால் நகர முடியவில்லை. உடம்பைத் தளர்த்தும் நரம்பு நோயோடு வாழ்ந்தவர் அந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறார். ஒரு இடத்தில்கூட மை நடுங்கவில்லை. சர்வே டிராயிங்கில் நாங்கள் கோடு போடுவது அளவைக் காட்ட. இவர் கோடு வெளியைக் காட்டுகிறது. காலியாக விட்ட தாளில் காற்று வீசுவது தெரிகிறது!

நஸ்ரீன் தனக்காகப் புகைப்படமும் எடுத்திருக்கிறார். உயிரோடு இருந்தவரை அவற்றைக் காட்சிக்கு வைத்ததில்லை. ஃபதேபூர் சிக்ரியின் கல்தரை, தறியில் இழுத்துக் கட்டிய நூல், சாலையில் போட்ட வெள்ளைக் கோடு. கட்டடத்திலிருந்தும் தெருவிலிருந்தும் கோட்டை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இன்னொரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். 2016இல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது. அந்தக் கட்டடம் மார்செல் ப்ரூயர் 1966இல் கட்டியது. மேலே போகப்போகத் தெருவை நோக்கி நீண்டு வரும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, ப்ரூட்டலிசத்தின் பெரிய அடையாளங்களில் ஒன்று. வெளியே கிரானைட் போர்த்தியது. உள்ளே நம் நாட்டுப் பெண்ணின் பென்சில் கோடு. இப்படி ஒரு பொருத்தத்தை யார் யோசித்தார்களோ, அவர்கள் கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும்.

சண்டிகருக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்று ஒரு டிசம்பரில் ரயில் ஏறினேன். கேபிடல் காம்ப்ளக்ஸுக்குள் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் சுற்றுலாத் துறை வழிகாட்டி ஒருவர் அழைத்துப் போகிறார். 2016இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். உயர் நீதிமன்றம் 1950களின் நடுவில் முடிந்தது, தலைமைச் செயலகம் 1958, சட்டமன்றம் 1962. தலைமைச் செயலகத்தின் நீளம் 254 மீட்டர். அந்த நீளத்தை ஒரே பார்வையில் எடுக்க முடியாது. கண் நடந்துதான் போகவேண்டும். ஒவ்வொரு மாடியிலும் வெயில் தடுக்கும் கான்கிரீட் சட்டங்கள். ஒரே அளவில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நடுவில் அமைச்சர்கள் அறைகள் வரும் இடத்தில் சட்டம் பெரிதாகும், தாளம் மாறும். நல்ல தவில் வித்துவான் நடுவில் நடை மாற்றுவதைப் போல!

ஆனால் என்னை அடித்துப் போட்டது அந்தப் பெரிய கட்டடங்கள் இல்லை. நிழல் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. லெ கார்பூசியே 1965இல் இறந்துபோனபின் பல ஆண்டுகள் கழித்து அவர் வரைபடத்தை வைத்துக் கட்டியது. அதற்குள் அலுவலகம் இல்லை, அறை இல்லை, ஒரு வேலையும் இல்லை. வெயிலைத் தடுக்கும் கான்கிரீட் பலகைகள் மூன்று பக்கமும் அடுக்கியிருக்கின்றன. வெயில் வராத வடக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. சூரியன் எந்தக் கோணத்தில் வந்தாலும் நிழல் எப்படி விழும் என்று காட்டுவதற்காகவே ஒரு கட்டடம்! உள்ளே நின்றால் தரையிலும் சுவரிலும் வெளிச்சப் பட்டைகள். வழிகாட்டி அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பட்டை தரையில் ஒரு பலகை அகலம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். கட்டடம், ஓவியம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதெல்லாம் அங்கே செல்லாது. யாரும் தூரிகை தொடாத வடிவியல் ஓவியம் அது. வெயில் இருக்கும்வரை தினமும் புதிதாக வரையப்படும்.

உயர் நீதிமன்றத்தில் இன்னொரு அதிசயம். நீதிமன்ற அறைகளுக்காக லெ கார்பூசியே வரைந்த திரைச்சீலைகள். சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். தலைமை நீதிபதி அறைக்கு 144 சதுர மீட்டரில் ஒன்று, மற்ற அறைகளுக்கு 64 சதுர மீட்டரில் எட்டு. காஷ்மீர் நெசவாளர்கள் நெய்தது. கான்கிரீட் அறையில் பேச்சு எதிரொலிக்கும், வாதம் காதில் விழாது. அந்த எதிரொலியை வாங்கிக்கொள்ளக் கம்பளி வேண்டியிருந்தது. வேண்டிய கம்பளியையே சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் பிரித்து, நடுநடுவே சூரியன், மேகம், மின்னல் என்று குறிகள் வைத்துச் சுவர் அளவு ஓவியமாக்கிவிட்டார். ஒரு அறையில் எட்டிப் பார்க்க முடிந்தது. சாம்பல் நிறச் சுவர், அதன்மேல் அந்தச் சிவப்பு. கான்கிரீட்டின் சாம்பல் நிறத்துக்கு என்ன வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேறு எந்த நிறத்துக்குப் பக்கத்திலும் அந்தச் சிவப்பு அவ்வளவு சிவப்பாக இருந்திருக்காது.

அசிங்கம், ஜெயில் மாதிரி இருக்கிறது, மழைக் கறை பிடிக்கிறது என்று இந்தக் கட்டடங்களைத் திட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கறை பிடிப்பது உண்மைதான். நம் ஊர் மழையிலும் பாசியிலும் பராமரிக்காத கான்கிரீட் சீக்கிரம் கறுத்துப்போகும். கம்பிக்குப் போதிய கவர் விடாமல் கட்டியிருந்தால் துருப்பிடித்துக் கான்கிரீட் உரிந்து விழும். சும்மா பூசாமல் விட்டதெல்லாம் ப்ரூட்டலிசம் ஆகிவிடாது, பணம் மிச்சம் பிடிக்க அரைகுறையாக விட்ட கட்டடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அசிங்கம் என்பதை மட்டும் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டன் பார்பிகனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பிரித்து, கான்கிரீட் நன்றாக இறுகியபின், ஆட்களை வைத்துக் கையால் இயக்கும் கொத்துச் சுத்தியல்களால் சுவர் முழுவதையும் கொத்தியிருக்கிறார்கள். மேல்தோல் போய் உள்ளே இருக்கும் கிரானைட் ஜல்லி வெளியே தெரியவேண்டும் என்பதற்காக. கோபுரம் கோபுரமாக, சுவர் சுவராக! எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்தச்சர்களிடம் இதைச் சொன்னால் கண் விரிகிறது. ஜெகதேவி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளில் எல்லாரும் கல்லைக் கண்ணாடியாக்கப் பாடுபடுகிறார்கள். பார்பிகனில் கண்ணாடிபோல் இருந்ததைக் கல்லாக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்தபின் கை சும்மா இருக்குமா? நீல அச்சை நானே போட்டுப் பார்ப்பது என்று இறங்கினேன். இதற்கு இருட்டறை வேண்டாம், பெரிய கருவி வேண்டாம், வெயில் போதும். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்று இரண்டு ரசாயனங்கள். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது சம அளவு கலந்து, மங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில் கெட்டியான தாளில் பட்டைப் பிரஷ்ஷால் பூசவேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பூசியதும் தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். இருட்டில் காயவைக்கவேண்டும். படத்தின் நெகட்டிவை ஜெராக்ஸ் கடையில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சடித்து வாங்கி, தாளின்மேல் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டை அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டால் முடிந்தது.

வெயில் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பச்சை முதலில் நீலப் பச்சையாகும், பிறகு கருக்கும், கடைசியில் செம்புத் தூசி படிந்ததுபோல் ஒரு சாம்பல் நிறம் வரும். அப்போது எடுத்துத் தண்ணீரில் போடவேண்டும். மஞ்சளாக ஒரு நீர் வழிந்து போகும், அடியிலிருந்து நீலம் எழுந்து வரும். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் மொட்டைமாடி ஏறலாம்! எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, காரம் இரண்டும் அதிகம், நீலத்தை வெளுக்கவைத்துவிடும். தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் நிறம் நிற்கிறது. தாள் காய்ந்தபின் ஒரு நாள் காற்றில் விட்டால் நீலம் இன்னும் ஆழமாகும்.

எதைப் படமெடுத்தேன் என்கிறீர்களா? தூரம் போகவேயில்லை. சாலையோரம் அடுக்கி வைத்திருந்த பாக்ஸ் கல்வெர்ட்டுகள். பாலத்துக்கடியில் தண்ணீர் போக வைக்கும் கான்கிரீட் பெட்டிகள். சாயங்கால வெயில் சாய்வாக வந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு முக்கோண நிழலை வெட்டிப்போட்டிருந்தது. கிட்டே போய், வானமும் மண்ணும் தெரியாமல், பெட்டிகளின் வாய் மட்டும் வரும்படி எடுத்தேன். நீல அச்சில் அது வந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சதுரத்துக்குள் முக்கோணம், அதன் பக்கத்தில் இன்னொரு சதுரம், அதில் கொஞ்சம் மெலிந்த முக்கோணம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் ஆயிரம் பேர் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். இந்தக் கலையைப் பார்த்துப் பழகியிராவிட்டால் அந்தப் பெட்டிகள் எனக்கு வெறும் பெட்டிகளாகவே இருந்திருக்கும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு. பெங்களூரு பன்னார்கட்டா சாலையில் ஐஐஎம் வளாகம். பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்தது. பாரிஸில் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்தவர், 2018இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர். ‘3 இடியட்ஸ்’ படத்தில் கல்லூரியாக வருவது இந்த வளாகம்தான். கான்கிரீட்டோடு உள்ளூர்ச் சாம்பல் கிரானைட்டை அப்படியே சுவராக நிறுத்தியிருக்கிறார். நடைபாதைகளுக்கு மேலே திறந்த உத்தரங்கள், அவற்றின் நிழல் தரையில் ஏணி ஏணியாக விழும், செடிகொடிகள் அந்த ஏணியைக் கலைக்கும். கான்கிரீட் இவ்வளவு மென்மையாக இருக்கமுடியும் என்பதற்கு அந்த நடைபாதைகளே சாட்சி. அனுமதி வாங்கித்தான் உள்ளே போகமுடியும், வாங்கிக்கொண்டு போங்கள். பாண்டிச்சேரியில் கோல்கொண்டே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த விடுதி, சண்டிகருக்கும் முன்னோடி. சுவருக்குப் பதிலாகக் கிடைமட்டப் பலகைகள், திருப்பித் திறக்கலாம். தெருவில் நின்று பார்த்தாலே வரி வரியாக நஸ்ரீன் தாள்தான்.

இன்னும் கிட்டே வாருங்கள். எங்கள் மாவட்டத்திலேயே மல்லசந்திரம் குன்றின்மேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாறையைப் பலகை பலகையாகப் பிளந்து செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கனத்த மூடுகல். ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. சாந்து இல்லை, பூச்சு இல்லை, அலங்காரம் இல்லை. சதுரம், வட்டம், கனம், நிழல், அவ்வளவுதான். ப்ரூயரும் கார்பூசியேவும் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் மண்ணில் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டடம் என்று சொல்வதா, சிற்பம் என்று சொல்வதா? எனக்கு இரண்டும்தான். அந்தத் துளை வழியாக உள்ளே விழும் வெளிச்ச வட்டத்தைப் பார்த்தபின், இந்தக் கலை எங்கோ வெளிநாட்டுக்காரர்களுடையது என்ற எண்ணம் என்னிடமிருந்து ஓடியே போய்விட்டது.

தமிழ்நாட்டு ஓவியத்துக்கு வடிவியல் புதிதும் இல்லை. 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தோடு சேர்ந்தவர்கள் கே.வி. ஹரிதாசன், வி. விஸ்வநாதன். யந்திரங்களையும் முக்கோணங்களையும் எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்! ஆனால் அவர்கள் வடிவங்கள் கோயிலிலிருந்தும் தியானத்திலிருந்தும் வந்தவை. மேம்பாலத்திலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் வடிவம் எடுக்கும் ஓவியர் நம் தொழிற்பேட்டைகளிலிருந்து வரவேண்டும் என்று நான் ஏங்குகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி நெடுக இவ்வளவு கான்கிரீட் கொட்டுகிறோம். கொட்டுகிற கைகளுக்கு அதைப் பார்க்கிற கண்ணும் இருந்தால் எப்படி இருக்கும்!

அப்படி ஒரு ஓவியர் சீக்கிரம் வரவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ இருந்தது. ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புக் கணக்குப் போட்டு, 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு எழுந்தது. முக்கோணங்களாலேயே பின்னிய பிரம்மாண்டமான கூடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. உலகத்தில் இப்படிப்பட்ட சட்டகத்தை இரும்பில் செய்வார்கள். நம்மிடம் அப்போது இரும்பு விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒவ்வொரு மூட்டையும் கான்கிரீட்டில், கையாலேயே வார்த்தார்கள். ஒரு ஏழை நாடு தன் கைவேலையை நம்பிச் செய்த சாதனை அது. மகேந்திர ராஜின் கணக்கை இன்றும் கட்டமைப்புப் பொறியாளர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். 2017 ஏப்ரலில் ஒரு இரவில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் நேரில் பார்த்ததே இல்லை. இனி பார்க்கவும் முடியாது. புகைப்படத்தில் அந்த முக்கோணங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. செஹர் ஷா, ரந்தீர் சிங் போன்றவர்கள் தாளில் ஏற்றி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் உறைக்கிறது.

பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ட்ரிங் பிரித்ததும் மறுநாளே கொத்தனாரை வரச்சொல்லி அவசரப்படாதீர்கள். ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் சாயங்காலத்திலும் அந்தப் பூசாத சுவர் முன்னால், ஸ்லாப்பின் அடியில், படிக்கட்டின் வயிற்றுப் பக்கத்தில் நின்று பாருங்கள். முழுக் கட்டடத்தையும் எடுக்காமல், கிட்டே போய் ஒரு மூலையை மட்டும் படமெடுங்கள். பென்சிலும் ஸ்கேலும் இருந்தால் அதை வரையுங்கள். வரைந்ததை, பலகை அடித்த மேஸ்திரியிடம் முதலில் காட்டுங்கள். சண்டிகர் போக வசதி இருப்பவர்கள் ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், நிழல் கோபுரத்துக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீல அச்சு போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தாள், ரசாயனம், மொட்டைமாடி மூன்றும் என் பொறுப்பு.